போறதுக்கு முன்னாடி ஒரு குளி

நான் கேட்டது தடய அறிவியல். கிடைத்தது லிபரல் ஸ்டடீஸ். அந்த மெயில் வந்த அன்று எங்கள் வீட்டில் நடந்த கொண்டாட்டம், நான் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கியபோதுகூட நடக்கவில்லை.

அப்பா செங்கோட்டைப் பக்கத்து பார்டர் கடைக்கு ஆள் அனுப்பி புரோட்டாவும் பொரித்த நாட்டுக்கோழியும் வரவழைத்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருப்பவர். இலஞ்சியில் தளவாய் என்றால் சிரிக்காத மனுஷன் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்குச் சிரித்தார். கடைவாய்ப் பல் வரை தெரிந்தது.

"லிபரல்னா என்னட்டி?"

"எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் படிக்கணும்ப்பா. சரித்திரம், பொருளாதாரம், இலக்கியம்..."

"அது போதும். பொம்பளப் புள்ளைக்கு எல்லாத்துலயும் கொஞ்சம் தெரிஞ்சாப் போதும்."

ரசத்துக்குப் பெருங்காயம் எவ்வளவு போட வேண்டும் என்று சொல்கிற மாதிரி சொன்னார். நான் சென்னைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டு, நேர்காணலில் தொண்டை கிழியப் பேசி, கடைசியில் பெருங்காயத்துக்குத் தேர்வாகியிருந்தேன்.

சித்தப்பா சுடலைராஜ் பக்கத்து மாவட்டத்தில் சப்-இன்ஸ்பெக்டர். லீவு போட்டு வந்து ஊர் முக்கில் பேனர் கட்டினார். என் போட்டோவைச் சுற்றி ரோஜாப்பூ. கீழே, 'உயர்கல்விக்குச் செல்லும் எங்கள் குலவிளக்கு அனுசியா.' இதே மின்கம்பத்தில்தான், இதே ரோஜாப்பூவுக்கு நடுவில், என் அக்கா ஜெயபிரியாவின் கண்ணீர் அஞ்சலி பேனர் தொங்கியது. ஒரே கடைக்காரன். போட்டோவையும் பெயரையும் மாற்றிக் கொடுத்திருக்கிறான், அவ்வளவுதான். ஊரில் ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை. எனக்கு மட்டும் அந்த முக்கைத் தாண்டி சைக்கிளை மிதிக்கக் கால் வரவில்லை.

அக்கா நர்சிங் முடித்துவிட்டு தென்காசியில் வேலை பார்த்தாள். செங்கோட்டைப் பையன் ஒருத்தனை அவளுக்குப் பிடித்துப்போனது. அவன் நல்லவனா கெட்டவனா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. எந்தத் தெரு என்றுதான் கேட்டார்கள். தெருவைச் சொன்னதும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். அக்காவின் போனை சித்தப்பா வாங்கி வைத்துக்கொண்டார். ரொம்ப நாள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு ஒரு நாள் அப்பா அவராகவே வாயைத் திறந்தார்.

"கொல்லத்துல வேலை கிடைச்சிருக்குன்னியே, போ. பொறவு மத்ததைப் பேசிக்கிடலாம். போறதுக்கு முன்னாடி மேல போய் ஒரு குளி குளிச்சிட்டு வந்திருவோம்."

அக்கா அடுப்படிக்கு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "அப்பா சரின்னுட்டாவ, ஏட்டி! அப்பா சரின்னுட்டாவ!" அவள் உடம்பு நடுங்கியது. சந்தோஷத்தில் அப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை.

இந்தக் குளி எங்கள் குடும்பத்துப் பழக்கம். வெளியூருக்கு நாள்பட்டுப் போகிறவர்கள் அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அப்பா பட்டாளத்துக்குப் போனபோதும் சித்தப்பா போலீஸ் டிரெய்னிங்குக்குப் போனபோதும் அப்படித்தான். ஊரெல்லாம் மெயினருவிக்கும் ஐந்தருவிக்கும் போகும். எங்களுக்கு அந்தக் கூட்டம் ஆகாது. கண்ணுப்புளிமெட்டுக்கு மேலே சித்தப்பாவின் கூட்டாளி ஒருவருக்குத் தோட்டம் இருக்கிறது; அதற்குள் ஒரு அருவி. ஜீப்பில்தான் ஏற முடியும். கேட்டைப் பூட்டிவிட்டால் குரங்குகூட அனுமதி வாங்கித்தான் வரணும் என்று சித்தப்பா பெருமையாகச் சொல்வார்.

எண்ணெய் அம்மா காய்ச்சியதாக இருக்க வேண்டும். கடை எண்ணெயை அப்பா கையால் தொட மாட்டார். நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி, பழைய சர்பத் பாட்டிலில் ஊற்றி, ஜீப் ஆட்டத்தில் சிந்தாமல் இருக்க வாயில் தக்கை வைத்து, மேலே துணி சுற்றி நூலால் இறுக்கிக் கட்டுவாள். அம்மா போட்ட முடிச்சை அம்மாதான் அவிழ்க்க முடியும். மற்றவர்களுக்குப் பல்லோ கத்தியோ வேண்டும்.

அது பங்குனி. மெயினருவியே பாறைக்கு வியர்த்த மாதிரி கசிந்துகொண்டிருந்த நேரம். தோட்டத்து அருவியில் எப்போதும் தண்ணீர் உண்டு என்றார்கள். நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்ததால், எனக்குச் சோறு போட அம்மாவை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஜீப்பில் அக்காவும் அப்பாவும் சித்தப்பாவும்தான் போனார்கள்.

சாயங்காலம் அக்காவைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

"எண்ணெய் தேய்ச்ச காலு. வழுக்கிட்டு," என்றார் அப்பா. துக்கத்துக்கு வந்த அத்தனை பேரிடமும் அதே வரியைத்தான் சொன்னார். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சித்தப்பா பேச வேண்டியவர்களிடம் பேசினார். கால் தவறி விழுந்ததாக எல்லாம் முடிந்தது.

மறுநாள் ஜீப்பிலிருந்து வந்த பையை அம்மா பிரித்தாள். துண்டு, அக்காவின் மாற்றுத் துணி, அடியில் எண்ணெய் பாட்டில். கழுத்து வரை எண்ணெய் இருந்தது. பச்சைத் துணியும் முடிச்சும் அம்மா கட்டிக் கொடுத்தபடியே இருந்தன.

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். "அம்மா, எண்ணெயே தேய்க்கலையே," என்று ஆரம்பித்தேன். என் வாயைப் பொத்தினாள். பொத்திய வேகத்தில் பல் உதட்டில் குத்தி ரத்தம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டிலை நான் வீட்டில் எங்கும் பார்க்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசவும் இல்லை.

ஆனால் அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். செத்தவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று கண்டுபிடிக்கிற படிப்பைப் படிப்பேன். திரும்பி வருவேன். அப்பாவின் அந்த ஒற்றை வரியை அவர் முகத்துக்கு நேராகவே பிரித்துப் போடுவேன்.

திட்டமெல்லாம் சரி. வாய்தான் சும்மா இருக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த அன்று என்ன படிக்கப் போறே என்று அப்பா கேட்டார். சொல்லிவிட்டேன். "அதுல என்ன சொல்லிக் கொடுப்பாவ?" என்றார். அதையும் சொன்னேன். அப்பா கையை உதறிவிட்டு எழுந்து போய்விட்டார். சோறு பாதி அப்படியே இருந்தது. அம்மா அந்தத் தட்டை எடுக்காமல் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் புரிய இந்த ஆடி மாதம் வரை ஆனது.

மெயில் வந்த மறுநாள் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டேன். கொதித்துப் போயிருந்தேன். எடுத்த பெண் ரொம்பப் பதமாகப் பேசினாள்.

"ஃபாரன்சிக்ல உங்களுக்கு சீட் இருந்துச்சும்மா. பேரண்ட்ஸ்கிட்ட கன்ஃபர்ம் பண்ணக் கூப்பிட்டப்ப உங்க அம்மாதான் பேசினாங்க. அந்தப் படிப்பு வேண்டவே வேண்டாம், வேற எதுல வேணா போடுங்கன்னாங்க. நீங்க ஃபீல் பண்ணாதீங்க. லிபரல் ஸ்டடீஸ்ல ரெண்டாவது வருஷம் மேஜர், அதாவது மெயின் சப்ஜெக்ட், நீங்களே எடுத்துக்கலாம். ஃபாரன்சிக்கும் எடுக்கலாம்."

வாளியைத் தட்டிவிட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஆனந்தவள்ளி என்று பெயர் வைத்த புண்ணியவான்கள் அவள் சிரித்துப் பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

"நீதான் சொன்னியாம்மா?"

"ஆமா."

"ஏன்? நீயும் அவங்களோட சேர்ந்துட்டியா?"

அம்மா துருவுவதை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்துக்கு அடியில்தான் பேசினாள். "நீ அந்தப் படிப்புப் பேரைச் சொன்ன அன்னைக்கு உங்கப்பா உங்க சித்தப்பாவுக்குப் போன் பண்ணுனாவ. தோட்டத்துல ஆளு இருக்கான்னு கேட்டாவ. சீசன் இல்லாத நேரத்துல தோட்டத்துல ஆளு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

நான் அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அதான் வேற படிப்புல போடச் சொன்னேன். அந்தப் புள்ள ரெண்டாம் வருஷம் மாத்திக்கிடலாம்னு சொன்னா. நீ முதல்ல உசுரோட ரயில்ல ஏறு. பொறவு எதை வேணா படி." தேங்காய்ச் சிரட்டையைத் தூக்கிப் போட்டாள். "அதுவரைக்கும் எங்கன போனாலும் நாலு பேரு இருக்கிற இடத்துல நில்லு. தனியா நிக்காத. உங்க அக்கா தனியாப் போனா."

அம்மாவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. முற்றத்தில் அப்பா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதால், இரண்டு பேரும் சட்னிக்கு உப்பு போட்டாயிற்றா என்று பேச ஆரம்பித்துவிட்டோம்.

அன்றிலிருந்து நான் லிபரல் ஸ்டடீஸுக்குப் பிறந்தவள் ஆகிவிட்டேன். அப்பா காதில் விழும்படி சரித்திரப் புத்தகம் வாசித்தேன். டிவியில் ரத்தம் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா காதோரமாகத் திட்டினாள், அளவுக்கு மீறி நடிக்காத என்று.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் சித்தப்பா சாப்பிட வந்தார். வெளியே சாரல். குற்றாலத்தில் சீசன் களைகட்டி, மெயின்ரோட்டில் வேன்கள் நெருக்கியடித்துப் போய்க்கொண்டிருந்தன. சித்தப்பா மீன் முள்ளை நிதானமாக எடுத்து இலை ஓரத்தில் வரிசையாக வைத்தார். அவர் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்வார்.

"பாப்பா, உன் காலேஜ் வெப்சைட்டைப் பார்த்தேன். நல்ல காலேஜுதான். ரெண்டாம் வருஷம் நம்ம இஷ்டத்துக்கு மேஜர் எடுக்கலாமாமே?"

"ஆமா சித்தப்பா. நான் சைக்காலஜி எடுக்கலாம்னு..."

"ஃபாரன்சிக்கும் போட்டிருக்கானே."

"எனக்கு ரத்தம்னாலே மயக்கம் வந்திரும் சித்தப்பா."

"அப்படியா? நம்ம வீட்டுப் புள்ளைக்கா?" என்று சிரித்தார். அவர் சிரித்தார், அப்பா சிரிக்கவில்லை. அப்பா மோர் ஊற்றிக் குடித்து, இலையை மூடி, கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்குச் சாயங்காலம்தான ரயிலு," என்றார். "காலையில ஜீப்பு வரும். போறதுக்கு முன்னாடி மேல போய் ஒரு குளி குளிச்சிட்டு வந்திருவோம்."

அதே வார்த்தைகள். அம்மா கையிலிருந்த கரண்டி மீன் குழம்புக்குள் முழுக்க இறங்கிவிட்டது. "நானும் வாரேன்," என்றாள். "நீ எதுக்கு? புள்ளைக்குச் சாமான் கட்ட வேண்டாமா?" என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது.

ஓடிப்போகலாமா என்று யோசித்தேன். எங்கே ஓடுவது? போலீசுக்குப் போக வேண்டும் என்றால், போலீஸ் எங்கள் வீட்டு இலையில்தான் மீன் தின்றுகொண்டிருந்தது. பயத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை. எரிச்சல்தான் வந்தது, எல்லார் மேலும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வாசலில் ஒரே பேச்சுச் சத்தம். ஜீப் வந்துவிட்டது என்று பதறிப்போய் எட்டிப் பார்த்தால் பெண்கள். எங்கள் தெரு மட்டுமில்லை, அடுத்த தெருவும் வந்திருந்தது. மங்களேஸ்வரி மதினி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். முப்பிடாதி அத்தை மஞ்சளோடு வந்திருந்தாள். அம்மா பால் வாங்கப் போகிற சாக்கில் இருட்டோடு போய் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"எம்புள்ள பட்டணம் போறா. வெள்ளிக்கிழமையுமா இருக்கு. ஆளுக்கு ஒரு கை எண்ணெய் வச்சு விடுங்க, நல்லாயிருப்பா."

முற்றத்தில் மணைப்பலகை போட்டு என்னை உட்கார வைத்தாள். ஒவ்வொருத்தியாக வந்து உச்சியில் எண்ணெய் வைத்தார்கள். நெற்றியில் வழிந்தது, காதுக்குள் இறங்கியது, கண் எரிந்தது. யாரோ குலவை போட்டார்கள். கல்யாணம் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு நாய்கூட வந்து நின்றது. ஜீப் வந்து வாசலில் ஹாரன் அடித்தபோது என் தலையில் அரைப் படி எண்ணெய் இருந்தது.

அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னளா இது?"

"புள்ளைக்கு எண்ணெய்க் குளிதானே? வீட்டுலயே ஆச்சு. ஒரு நாளைக்கு ரெண்டு எண்ணெய்க் குளி உண்டா?" என்றாள் அம்மா. அப்பாவுக்கு எதிரே நின்று அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதேயில்லை.

"அதானே!" என்றாள் முப்பிடாதி அத்தை. "தலை நனைஞ்ச புள்ளையை மறுபடி மலையில கொண்டு நனைச்சா சளி புடிக்கும் தம்பி."

அப்பாவால் என்ன சொல்ல முடியும்? அத்தனை பெண்கள். சித்தப்பா ஜீப்பில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நான் தப்பித்துவிட்டேன் என்று அப்போதுதான் மூச்சு விட்டேன்.

அந்த நேரத்தில்தான் அம்மா உடைந்தாள். என் தலையில் சீயக்காயைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் தேம்ப ஆரம்பித்தாள். எத்தனை நாள் அடக்கி வைத்திருந்தாளோ.

"இவளுக்காவது என் கையால வச்சேன். மூத்தவளுக்கு வைக்கக் கொடுத்து வைக்கலையே. கட்டிக் கொடுத்த எண்ணெய் கட்டினபடியே திரும்பி வந்திட்டே. முடிச்சுகூட அவுக்கலையே..."

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். பெற்ற வயிறு, அழட்டும் என்றார்கள். அவர்கள் காதில் அது வெறும் ஒப்பாரியாகத்தான் விழுந்தது. ஜீப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா நிமிர்ந்து நின்றார். அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். எண்ணெய்க் கால் வழுக்கிவிட்டது என்று ஊருக்கே சொன்ன மனிதர் அவர்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் குரலை உயர்த்தவில்லை. அப்பா என் பெட்டியை அவரே தூக்கி ஜீப்பில் வைத்தார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

செங்கோட்டை ஸ்டேஷனில் கூட்டம். கேரளாப் பக்கத்திலிருந்து குளிக்க வந்தவர்கள் ஈரத் துண்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா ஜன்னல் வழியாக என் பையைத் தட்டிக் காண்பித்தாள். "மேல புளியோதரை இருக்கு. அடியில இருக்கிறதை ஜாக்கிரதையா வச்சிக்கிடு." எண்ணெய்ப் பிசுக்கோடு அவள் விரல் என் கையில் இருந்தது. நான் விடவில்லை.

"வீட்டுக்குப் போனதும் போன் பண்ணு," என்றேன்.

"நீ நல்லாப் படி."

ரயில் அசைந்தபோது சித்தப்பா அம்மாவின் பின்னால் வந்து நின்றார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். "மதினி, காலையில குளி தவறிப்போச்சு. தோட்டத்துல சொல்லி வச்சாச்சு, தண்ணியும் நல்லா விழுதாம். நாம மூணு பேருமாப் போய்க் குளிச்சிட்டுப் போவோம். என்ன அண்ணே?"

அப்பா தலையாட்டினார். அம்மா என்னைப் பார்த்து, போ என்பதுபோல் கையை அசைத்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு "வேண்டாம்மா" என்று கத்தினேன். பிரிவில் பிள்ளை கத்துகிறாள் என்று பிளாட்பாரத்தில் யாரோ சிரித்தார்கள்.

தென்காசியில் கூட்டம் ஏறியது. எதிர் சீட்டில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்து, தன் பேர் ஹாஜரா பீவி, மகள் வீட்டுக்கு மெட்ராஸ் போகிறேன் என்று நான் கேட்காமலே சொன்னார். நான் பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். புளியோதரைக்கு அடியில், அக்காவின் தாவணியில் சுற்றி, அந்தப் பாட்டில். பச்சைத் துணி வெளுத்திருந்தது. முடிச்சு அப்படியே இருந்தது. அம்மா இத்தனை நாள் அதை எங்கேயோ பொத்தி வைத்திருந்து, இப்போது என்னிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு ஜீப்பில் ஏறியிருக்கிறாள்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். கடையநல்லூர் வந்தது, போனது. ஹாஜரா பீவி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. திரும்பத் திரும்ப அடித்ததில் கடைசியாக அம்மா எடுத்தாள்.

"அனு..." குரல் விட்டு விட்டு வந்தது. பின்னால் தண்ணீர் விழும் சத்தம்.

"எங்கம்மா இருக்க?"

பக்கத்தில் சித்தப்பாவின் குரல் கேட்டது, அக்கறையோடு. "மதினி, போனைக் குடுத்துட்டு வாங்க. பார்த்து. கல்லு வழுக்கும்."

எனக்குள் என்னவோ அறுந்தது. எழுந்து நின்று ஸ்பீக்கரைப் போட்டேன். எங்கள் பெட்டியில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"சித்தப்பா! எங்க அக்காவை நீங்க ரெண்டு பேரும்தான் கொன்னீங்க. எண்ணெயில வழுக்கினான்னு சொன்னீங்களே, அந்த எண்ணெய் பாட்டில் எங்கிட்ட இருக்கு. கட்டுகூடப் பிரிக்கல. இப்ப எங்க அம்மாவை அதே இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க!"

சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். மேல் பெர்த்தில் படுத்திருந்தவர் எட்டிப் பார்த்தார். போனில் தண்ணீர்ச் சத்தம் மட்டும். நான் இத்தனை வருஷமாகப் பொத்தி வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். இனி எந்தப் படிப்பின் பின்னாலும் நான் ஒளிய முடியாது.

"பாப்பா," என்றார் சித்தப்பா. குரலில் கோபமே இல்லை. "இப்ப எங்கன போயிட்டிருக்க?"

"நாலு பேருக்கு நடுவுல இருக்கேன்," என்றேன். "எல்லாரும் கேட்டுட்டு இருக்காங்க."

ஹாஜரா பீவி எழுந்து என் கையிலிருந்த போனருகே வாயைக் கொண்டுவந்தார். "ஏய்யா, யாரா இருந்தாலும் சரி. அந்தப் பொம்பளகிட்ட போனைக் குடும். அவ வீடு போய்ச் சேர்ற வரைக்கும் நாங்க பேசிக்கிட்டே வாரோம். வண்டி நிறைய ஆளு இருக்கு, கேட்டுக்கிடும்." பக்கத்தில் ஒருத்தர் ஏற்கெனவே தன் போனை எடுத்து நூற்றுக்கு அடித்துக்கொண்டிருந்தார். "எந்தத் தோட்டம்மா? பேரைச் சொல்லு," என்று கேட்டார். சொன்னேன்.

ஏதோ உரசும் சத்தம். கை மாறுகிறது. அப்பா ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. பிறகு அம்மாவின் மூச்சு.

"அனு. போனை வைக்காத. பேசிக்கிட்டே இரு, ஏட்டி. நிறுத்தாம பேசு."

சிக்னல் ஒரு கோடுதான் இருந்தது. என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஹாஜரா பீவி என் தோளைப் பிடித்து அழுத்தினார். அந்தப் பக்கம் அவர்களும் கேட்க வேண்டும், இந்தப் பக்கம் இவர்களும் கேட்க வேண்டும் என்று முதலிலிருந்தே ஆரம்பித்தேன். நான் கேட்டது தடய அறிவியல், கிடைத்தது லிபரல் ஸ்டடீஸ் என்று. பார்டர் புரோட்டாவையும் ரோஜாப்பூ பேனரையும் சொன்னேன். அக்கா நடுங்கியதைச் சொன்னேன். அம்மா ம், ம் என்றாள். அவள் ம் சொல்லுகிற ஒவ்வொரு தடவையும் பெட்டியில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். அவள் குரலுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் இன்னும் குறையவில்லை.